பத்து நிமிடக் கடல்

சுபாங்கன் செய்த கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்பஸ் லாபில் இருந்த மெஷின் ஒன்றில் அதை ஓடவிட்டான். திரை முழுக்க நீலம் வந்தது, ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு படகு வந்தது, படகு இரண்டு முறை ஆடியது. அவ்வளவுதான். மெஷின் இறுகிப்போய் நின்றுவிட்டது. எதை அமத்தினாலும் அசையவில்லை.

“உது கடலே? உறைஞ்ச தயிர்போலக் கிடக்கு” என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. கோபம் வராத பிறவி அவன். எங்கள் இருவருக்கும் சேர்த்து நானே கோபித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. லாப் மெஷினுக்குப் பலம் காணாது என்று சொல்லிவிட்டு வயரைக் கழற்றி மாட்டினான்.

நாங்கள் கணினி படிக்கிற மூன்றாம் வருடம். அவன் திருநெல்வேலியில் நாலு பெடியன்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் அளவெட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அளவெட்டி என்றவுடன் எல்லோரும் என்னிடம் நாதஸ்வரத்தைப் பற்றிக் கேட்பார்கள். என் அப்பா கோழித்தீவனம் விற்கிறவர். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தாளம்கூடப் போடத் தெரியாது. எனக்கு ஓரளவுக்குப் படம் கீறத் தெரியும். ஒரு கேம் செய்யலாமா என்று சுபாங்கன் என்னைக் கேட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் மாணவர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. மூன்று கிழமைக்குள் ஒரு கேமைச் செய்து அனுப்பவேண்டும். சாதாரண லப்டொப்பில் அது ஓடவேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம்தான் விளையாடிப் பார்ப்பார்கள். வெல்லுகிற குழுவுக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, கோழித்தீவன மூட்டைகளை விட்டுத் தூரமாகப் போகவேண்டும் என்ற ஆசை எனக்கு. சுபாங்கனுக்கு அது வேறு விதமாக வேண்டியிருந்தது. அவனுடைய அம்மாவைக் கரையிலிருந்து எடுக்கவேண்டும் என்றான்.

அவர்களுடைய வீடு பருத்தித்துறையில், கடலைப் பார்த்தபடி. அப்பா நோய் வந்து முன்பே இறந்துவிட்டார். அண்ணன் பிரணவன்தான் கடல் தொழிலுக்குப் போய் இவனைப் படிப்பித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு மத்தியானம் பிரணவன் சோறு தின்றுவிட்டு, படகு எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தனியாகவே வெளிக்கிட்டான். அடுத்த நாள் காலை மற்றப் படகுகள் எல்லாம் வந்தன. அவனுடையது வரவில்லை. ஊர்ப் படகுகள் தேடின, நேவியும் தேடியது. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

அவர்கள் வீட்டில் பிரணவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. அவனுடைய போன் நம்பருக்கு அம்மா மாதா மாதம் ரீலோட் போடுவித்துக்கொண்டிருந்தார். நம்பர் செத்துப் போகக்கூடாது என்பாராம். ஒவ்வொரு நாளும் விடிய, படகுகள் வருகிற நேரத்துக்குக் கரைக்குப் போய் நின்றுவிட்டு வருவார். அந்த நிற்பைத்தான் சுபாங்கனால் பார்க்க முடியவில்லை. கொழும்பில் ஒரு வேலை, ஓர் அறை, சமைக்க ஒரு குசினி கிடைத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். கடல் அங்கேயும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. நல்ல வேளையாகச் சொல்லவில்லை.

அவனுடைய கேம் அந்த அண்ணனைத் தேடுகிற கேம். போட்டி வருவதற்கு முன்பே, இரண்டு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தான். ஒரு தேடும் படகை நாங்கள் ஓட்டவேண்டும். காற்று மாறும், நீரோட்டம் மாறும், எண்ணெய் குறையும், நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடிக்கவேண்டும். கடல் முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தேடி முடித்த சதுரம் வெளிறிப்போகும். தேடாத சதுரம் நீலமாகவே இருக்கும்.

இவ்வளவு பெரிய கடல் எதற்கு என்று நான் கேட்டேன். வடக்கே இந்தியக் கரை, கிழக்கே அந்தமான் வரைக்கும் கீறி வைத்திருந்தான். எந்த விசரன் லப்டொப்பில் இருந்து அந்தமானுக்குப் படகு ஓட்டுவான்?

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போனால் அம்மா வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்துவார். கேமைப் போடச் சொல்லுவார். தான் ஒன்றையும் தொடமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னும் தேடக் கிடக்கிறதுதானே என்று மட்டும் கேட்பார். கிடக்கிறது என்று இவன் சொல்லுவான். அதற்குப் பிறகு எழும்பிப் போய்ச் சாப்பிடுவார்.

“முதல்லை சின்னதாய்த்தான் செய்தனான்” என்றான் சுபாங்கன். “ஒவ்வொரு கிழமையும் நீலம் குறைஞ்சுகொண்டு வந்தது. அம்மா அதைப் பார்த்துப்போட்டுச் சோறு தின்னாமல் படுத்திட்டா. பிறகு நான் கடலைக் கூட்டிக்கொண்டே போனன்.”

உறைந்த தயிர் என்று சொன்ன வாய் கூசியது. ஆனாலும் போட்டி போட்டிதான். அடுத்த நாள் காலை நான் வந்தவுடன், கடலை வெட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெட்டினோம். முதலில் நட்சத்திரங்கள் போயின. பத்து நிமிடத்தில் ஒருவரும் நட்சத்திரம் பார்த்துத் திசை பிடிக்கப்போவதில்லை. அதற்கு அவன் அதிகம் எதிர்ப்புச் சொல்லவில்லை. பிறகு எண்ணெய்க் கணக்கு போனது. பிறகு இழுவைப்படகுகளை எடுத்தோம். அந்த இழுவைப்படகுகளைக் கீறுவதற்கு நான் இரண்டு நாள் செலவழித்திருந்தேன். காற்றுக்கு வந்தபோது அந்தக் கோபம் வராதவன்கூடச் சண்டை பிடித்தான். சோளகக் காற்றுக்குப் படகு போகிற திசை வேறு, வாடைக்குப் போகிற திசை வேறு, காற்று இல்லாமல் என்ன கடல் என்றான். நடுவருக்குச் சோளகமும் தெரியாது வாடையும் தெரியாது, பஸ்ஸுக்குள் அடிக்கிற காற்றுத்தான் தெரியும் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரே காற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தான். நீரோட்டத்தையும் எடுத்தான். அந்தமான் போனது, இந்தியக் கரை போனது. கடைசியில் கடல் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. எந்த மெஷினிலும் தங்குதடை இல்லாமல் ஓடியது.

அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கன்ரீனில் அவனுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வேலை மட்டும் மிச்சம், காணாமல்போன படகைக் கடலில் ஓர் இடத்தில் வைக்கவேண்டும், வைத்துவிட்டால் கேம் முடிந்தது என்றேன்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

பெரிய கடலில் அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. காற்றும் ஓட்டமும் சேர்ந்து படகை எங்கேயோ கொண்டுபோகும், எங்கே என்று செய்தவனுக்கே தெரியாது. தெரியத் தேவையுமில்லை. இப்போது காற்று ஒன்று, கடல் ஒரு திரை. படகு தானாக எங்கும் போகாது. குறுக்காக ஒரு இலக்கம், நெடுக்காக ஒரு இலக்கம், இரண்டையும் சுபாங்கன்தான் தன் கையால் அடிக்கவேண்டும். அடித்தால் பிரணவன் அங்கேதான் கிடக்கிறான் என்று ஆகிவிடும்.

மூன்று நாள் அந்த இரண்டு இடமும் வெறுமையாகவே இருந்தன. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏதாவது இரண்டு இலக்கத்தைப் போடு, இது கேம்தானே என்றேன். போடமுடியவில்லை என்றான். அண்ணை அன்றைக்கு எந்தப் பக்கம் போனார் என்றாவது தெரிந்தால் அந்தப் பக்கத்தில் போடலாம், அதுவும் தெரியாது என்றான்.

“எப்பிடித் தெரியாமல் போகும்?” என்றேன். “வீட்டிலையிருந்துதானே போனவர். அம்மாவுக்குச் சொல்லாமலே போனவர்?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

“தொழிலுக்கு வெளிக்கிடுறவனை எங்கை போறாய் எண்டு கேட்கிறேல்லை, ஆரபி.”

எங்கள் ஊரிலும் அது உண்டு. வெளியே போகிறவரை எங்கே என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களுடைய கரையில் அது அப்படியல்ல என்றான். அங்கே கேட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. எஞ்சின் தோளில் இருந்தாலும் திரும்பி வந்து இறக்கி வைத்துவிடுவார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். எவ்வளவு மீன் பட்டுக்கொண்டிருந்தாலும் அன்று கடலில் கால் வைக்கமாட்டார்கள். அதனால் ஒரு வீட்டிலும் ஒருவரும் கேட்பதில்லை. பெண்சாதி கேட்பதில்லை, தாய் கேட்பதில்லை. ஒரு நாள் இவன் சின்ன வயதில் அப்பாவைக் கேட்டுவிட்டு, அப்பா திரும்பி வந்து படுத்ததும், அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான். பிரணவன் அன்று வாசல் படலையைத் திறந்தபோது அம்மா அங்கேதான் நின்றிருக்கிறார். பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சொல்லிக்கொண்டு போனவன் அப்படியே நிறுத்திவிட்டான். பிறகு லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

கடலே வேண்டாம் என்றான். படலை மட்டும் போதும். ஒருவன் தோளில் எஞ்சினோடு வீட்டுக்குள் இருந்து வருகிறான். படலையடியில் ஒரு பெண் நிற்கிறாள். விளையாடுகிறவர்தான் அந்தப் பெண். ஒரே ஒரு பட்டன். அமத்தினால் அவள் கேட்பாள், அவன் திரும்பிவிடுவான். அமத்தாவிட்டால் போய்விடுவான்.

இது வெல்லும் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. அந்தமான் வரைக்கும் போன கடல் ஒரு முற்றத்துக்குள் வந்துவிட்டது. வெட்ட வேறு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து நான் தூங்கும்போதும் படலையைக் கீறிக்கொண்டிருந்தேன். சுபாங்கனின் போனில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து வீட்டைக் கீறினேன். வேலியோரத்துப் பூவரசு, காயப்போட்ட உடுப்பு, கழுவிக் கவிழ்த்த சட்டி எல்லாம் கீறினேன். பெண்ணை முதுகுப் பக்கமாகக் கீறினேன், நீலப்பூப் போட்ட சட்டை, பின்னால் அள்ளி முடிந்த தலைமயிர். அம்மா அப்படித்தான் நிற்பார் என்று சுபாங்கன் சொன்னான். இரண்டு முடிவுகளையும் அவன் எழுதினான். அந்த ஒரு கிழமையும் அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அண்ணனைத் தேடுவதை அவன் விட்டுவிட்டான் என்று நான் நினைத்தேன். அது நல்லதென்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் கேமை அனுப்பவேண்டும். அதற்கு முன் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றான். காலையிலேயே பஸ் எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பினால் லாபுக்கு வந்து பைலை ஏற்ற நேரம் தாராளமாக இருந்தது. நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். என் படங்களை அந்த வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை.

படலை நான் கீறியதைவிடச் சின்னதாக இருந்தது. மற்றதெல்லாம் சரி.

அருமைநாயகி அன்ரி மெலிந்த மனிசி. என்னைக் கண்டதும், இந்தப் பிள்ளைதானா என் மகனோடு சண்டை பிடிக்கிறது என்று கேட்டுச் சிரித்தார். கணவாய்க் கறி அடுப்பில் கிடந்தது. இடியப்பம் அவித்து மூடி வைத்திருந்தார். கேமை முதலில் பார்ப்போம் என்று சுபாங்கன் சொல்ல, அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தேடுகிறவர்போலப் பார்த்தார்.

“எங்கை தம்பி கடல்?”

அது பெரிதாகிவிட்டது, போட்டிக்குச் சரிவராது, அதனால் வெட்டிவிட்டோம் என்று சுபாங்கன் சொன்னான். பழையது வேறாக இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை என்றும் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அவருடைய விரலைப் பிடித்து அந்தப் பட்டனின் மேல் வைத்தான். வேண்டுமென்றால் அமத்துங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள் என்றான்.

திரையில் வீடு வந்தது. இது எங்கடை வீடெல்லோ என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, வடிவாகக் கீறியிருக்கிறாய் பிள்ளை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே இருந்து பிரணவன் வந்தான். முகம் நான் கீறவில்லை, எஞ்சின் மறைக்கிற மாதிரி விட்டிருந்தேன். ஆனால் நடையைச் சுபாங்கன் ஒரு பழைய வீடியோவிலிருந்து எடுத்திருந்தான். அந்த நடையைக் கண்டதும் அன்ரி திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிரணவன் முற்றத்தைக் கடந்து படலைக்கு வந்தான். விரல் பட்டனின் மேல் இருந்தது. அமத்தவில்லை. அவன் படலையைத் திறந்துகொண்டு போனான். திரை மெல்ல மெல்ல நீலமாகி, பிறகு நீலம் மட்டும் நின்றது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் வரவில்லை.

இதற்கு இன்னொரு முடிவு இருக்கிறது, அமத்திப் பாருங்கள் என்றான் சுபாங்கன். வெளிக்கிடும்போது கேட்கக்கூடாதே என்றார் அவர். கேம்தானே அம்மா என்றான்.

அந்தச் சொல்லை அவனுக்குப் பழக்கியது நான்.

இரண்டாம் முறை பிரணவன் படலைக்கு வந்தபோது அமத்தினார். நீலப்பூச் சட்டைக்காரி கேட்டாள். பிரணவன் நின்றான். திரும்பினான். எஞ்சினை இறக்கிப் பூவரசோடு சாய்த்தான், செம்பில் தண்ணீர் குடித்தான், உள்ளே போனான். வெயில் தாழ்ந்தது, காயப்போட்ட உடுப்பு ஆடியது, யன்னலுக்குள்ளே அவன் படுத்திருக்கிற கால் தெரிந்தது. விடிந்தது. கால் அப்படியே இருந்தது. பிறகு அசைந்தது. அந்தக் கால் அசைவை எழுதச் சுபாங்கன் ஒரு முழு நாள் எடுத்தான். எங்கள் கேமில் ஆக நல்ல இடம் அதுதான்.

அன்ரி கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப, நான் கேட்டிருந்தால் சரி” என்றார்.

சுபாங்கனுக்கு அப்போதுகூட விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. சரியா, பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டான். பாவி.

“ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் பிள்ளை வீட்டிலை படுத்திருப்பான். உதைத்தானே சொல்லுறாய்?”

“இல்லை அம்மா. அப்பிடி இல்லை.”

“வேறை எப்பிடி?”

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முந்திக்கொண்டு வருகிற என் வாய் அன்றைக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் அந்தக் கேமின் ஒவ்வொரு வரியும் தெரியும். அது என்ன சொல்கிறது என்று அந்த மனிசி சொல்லித்தான் தெரிந்தது.

அன்ரி கோபமாகப் பேசவில்லை. கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற குரலில்தான் பேசினார்.

“கடல் அவ்வளவு பெரிசாய்க் கிடக்கேக்கை, அதுதான் அவனைக் கொண்டுபோனது எண்டு இருந்தன். எங்கையோ ஒரு மூலையிலை வைச்சிருக்குது எண்டு இருந்தன். நீ கடலை எடுத்துப்போட்டாய், தம்பி. இப்ப படலையடியிலை நான் மட்டும்தான் நிக்கிறன்.”

சுபாங்கன் பதறிப்போனான். அந்தக் கேமை மூடிவிட்டுப் பழைய போல்டரைத் திறந்தான். அவனுடைய லப்டொப்பில் அது எழும்ப நேரம் எடுத்தது. எழும்பியது. இந்தியக் கரையிலிருந்து அந்தமான் வரைக்கும் நீலம் விரிந்தது. இதோ கிடக்கிறது அம்மா, ஒன்றும் போகவில்லை, இவ்வளவும் இன்னும் தேடவில்லை என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அன்ரி ஒரு தரம் பார்த்தார். மூடிவிடச் சொன்னார். கறி அடிப்பிடிக்கிறது என்று எழும்பிப் போனார்.

எங்களுக்குச் சாப்பாடு போட்டார். என் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு தரம் கணவாய் வைத்தார். சாப்பிடாமல் இருந்தால் அவருக்கு இன்னும் நோகும் என்று நான் விழுங்கினேன். சுபாங்கன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். இதை அனுப்பவில்லை அம்மா என்றான். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நாள் பாடுபட்டதைத் தன்னால் கெடுத்ததாக இருக்கக்கூடாது, அனுப்பு என்றார். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அது அருமைநாயகி என்று தெரியவா போகிறது என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கவும் பார்த்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். வேலையாவது கொழும்பாவது என்று இருந்தது. அதே நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, மணி எத்தனை என்றும் போனைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

வெளிக்கிட்டோம். அனுப்புவதா விடுவதா என்று வழியில் யோசிப்போம் என்று சுபாங்கன் என்னிடம் மெல்லச் சொன்னான். லப்டொப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். போட்டு வாறம் அன்ரி என்று நான் சொன்னேன். அவர் எங்களுக்குப் பின்னால் முற்றத்துக்கு வந்தார். நான் முதலில் படலையைத் திறந்து றோட்டில் இறங்கிவிட்டேன். சுபாங்கன் ஒரு கையால் படலையைப் பிடித்துக்கொண்டு காலை வெளியே வைத்தான்.

“எங்கை போறாய்?”

தெரியாமல் கேட்டதல்ல. அவன் எங்கே போகிறான் என்று அவருக்குத் தெரியும், எந்தப் பஸ்ஸில் போகிறான் என்பதும் தெரியும். இருபத்திரண்டு வயதுவரைக்கும் அந்த மகனை அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள் இருந்தே திரும்பவும் கேட்டார்.

சுபாங்கன் காலை உள்ளே எடுத்தான். படலையைச் சாத்தினான். பையைத் தோளிலிருந்து இறக்கிப் பூவரசோடு சாய்த்து வைத்தான். குடத்தடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து, நின்றபடியே முழுவதையும் குடித்தான். நான் றோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது, வந்தது, போனது.

“ஒரு இடமும் போகேல்லை அம்மா” என்றான்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவனைத் தாண்டிப் படலையைப் பார்த்துக்கொண்டு, எங்கை போறாய், எங்கை போறாய் என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவன் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னான்.